அறியாமை யாருடைய குற்றம்?

மருதமுனையில் தறியடியில் இருக்கும் ஓர் உம்மாவை எண்ணிப் பாருங்கள். காய்ச்சலோடு கிடந்த குழந்தைக்குத் திடீரெனக் கண் செருகுகிறது, கைகால்கள் இழுக்கின்றன. அவள் அலறுகிறாள். ஓடிவந்த அயலாரில் ஒருவர் பற்களுக்கிடையே கரண்டியைத் திணிக்கிறார். மற்றொருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார். மறுநாள் படித்த கனவான்கள் தீர்ப்புக் கூறுகின்றனர்: "அறியாமை!"

அறியாமைதான், நாம் மறுக்கவில்லை. அது யாருடைய குற்றம் என்பதே நமது கேள்வி.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும், அறிவை மழுக்குவதில்லை. ஆனால், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மீண்டும் வருகிறது. பரசிட்டமோல் காய்ச்சலின் வேதனையைத் தணிக்கும். வலிப்பைத் தடுக்குமென்று நம்பியிருக்க இயலாது. ஆகவே, அடுத்த முறை குழந்தைக்கு முதற்காவல் வைத்தியரல்லர், தாயே.

அவள் அறிய வேண்டியவை மிகச் சில. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். வாயில் எதையும் வைக்கலாகாது. இழுப்பை அமுக்கிப் பிடிக்கலாகாது. மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, கழுத்து விறைத்தாலோ, தெளிவு திரும்பாவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். முதல் வலிப்பாயின், அடங்கிய பின்னரும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இச்சொற்களுக்கு என்ன விலை? கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை உண்டு. வடக்கு ஆதார வைத்தியசாலையும் உண்டு. இலவச வைத்தியம் இந்நாட்டு மக்களின் பெருஞ்செல்வம். தமிழையும் அரசகரும மொழியென 13ஆவது திருத்தம் 1987இலேயே சாற்றியது. ஆயினும், இந்நாட்டில் வீடு திரும்பும் நோயாளியின் கையில் தரப்படும் நோய்விவர அட்டை இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தையே பேசுகிறது. மருந்தை இலவசமாகத் தரும் அரசு, சொல்லைத் தர ஏன் தயங்குகிறது?

தாதியரைப் பழிப்பது நமது நோக்கமன்று. நிரம்பி வழியும் விடுதியில் ஊசிக்கும் குறிப்பேட்டுக்கும் இடையே ஓடுபவர் எப்போது தாயருகே அமர்ந்து பேசுவார்? பேசுவதும் பராமரிப்பே! அதற்குரிய நேரத்தை வேலைநேரமாகக் கணக்கிடுக; அச்சிட்ட தமிழ்த்தாளொன்றை ஒவ்வொரு தாய்க்கும் வாசித்துக் காட்டிக் கையில் கொடுத்தனுப்புக. இதுவே நமது கோரிக்கை.

ஆசிரிய நண்பர்களே! உம்மா தறியிலும் வாப்பா கடலிலும் இருக்கையில், தம்பியை மடியில் ஏந்தியிருப்பவள் உங்கள் வகுப்பு மாணவியே. அரசு விழிக்கும்வரை காத்திராது, இவ்வறிவை அவளுக்கு நாளையே கற்பியுங்கள். அறியாமையைப் பழிக்கும் உரிமை, அறிவைப் பகிர்ந்தவனுக்கே உண்டு.