வருத்தப்படாத வாலிபர்களும் வருத்தப்பட்ட பிள்ளைகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "டீச்சருக்கு சினிமா பிடிக்காது" என்று தீர்ப்பு எழுத வேண்டாம். எனக்கு சினிமா ரொம்பப் பிடிக்கும்.

போன ஞாயிறு மத்தியானம் டிவியில் "வருத்தப்படாத வாலிபர் சங்கம்" போட்டார்கள். எத்தனையாவது தடவை என்று போடுகிறவர்களுக்கே கணக்கு இருக்காது. ஆடலூரில் அன்றைக்குக் காலையிலிருந்தே சாரல், பத்தடி தள்ளி நிற்கிற சில்வர் ஓக் மரம் தெரியாத அளவுக்கு மூடுபனி. என்னிடம் படித்த தம்பிகள் இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். ஒருவர் ஜீப் ஓட்டுகிறார், இன்னொருவர் அப்பாவின் காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்து உட்கார்ந்தார். கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் சேர்ந்து பார்த்தோம், சிரித்தோம். நானும் சிரித்தேன். சூரியின் முகத்தையும் சத்யராஜின் மீசையையும் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

படம் முடிந்ததும்தான் பேச்சு ஆரம்பித்தது.

பெரியவர் சொன்னார்: "இந்த மாதிரிப் படம் வந்துதான் டீச்சர் நம்ம பயலுக கெட்டுப் போனானுங்க."

ஜீப் தம்பி சொன்னார்: "அப்படிப் பார்த்தா எப்படிங்கய்யா? படத்தைப் படமா பாருங்க. 2013-ல இது வந்தப்ப நாங்க எட்டுப் பேரு ஒரே ஜீப்புல திண்டுக்கல் போய்ப் பார்த்தோம். நாங்களும் இப்படித்தானே திரிஞ்சோம். அது ஒரு காலம்."

தோட்டத்துத் தம்பி சொன்னார்: "கடைசியில அந்த அப்பா மனசு மாறிடுறாரு பாருங்க டீச்சர், அதுதான் எனக்குப் பிடிக்கும். எல்லா அப்பாவும் உள்ளுக்குள்ள பாசக்காரங்கதான்."

மூன்று பேரும் மூன்று கருத்து. மூன்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு முழுதாகச் சொல்ல நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெரியவருக்கு.

ஐயா, இந்தப் படம் வெளியானது 2013 செப்டம்பர் 6. அதற்கு முப்பது வருடம் முன்னாலேயே நம் ஊர்ப் பாலத்துத் திண்டில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் 1980-களின் நடுவில் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தபோது முதலில் பார்த்ததே அவர்களைத்தான். அப்போது பொன்ராம் என்ற இயக்குநரும் இல்லை, சிவகார்த்திகேயன் என்ற நடிகரும் இல்லை. பையன்களைத் திண்டில் உட்கார வைத்தது எந்தப் படமும் இல்லை ஐயா.

காபிப் பழம் வருடத்துக்கு மூன்று நாலு மாதம்தான் பறிப்பு. அது முடிந்தால் மிளகு. அப்புறம் கைக்குக் கிடைத்த கூலி வேலை. பிளஸ் டூ முடித்த பையனுக்கு மலையில் வேறு வேலை இல்லை. கல்லூரிக்குப் போக வேண்டும் என்றால் பன்றிமலை வழியாகக் கீழே இறங்கி, தருமத்துப்பட்டி தாண்டித் திண்டுக்கல் போக வேண்டும். பஸ் நேரத்துக்கு வந்தால் வகுப்பு, வராவிட்டால் திண்டு. கொஞ்சம் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். அதில் பாதிப் பேர் தீபாவளிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. படித்த படிப்புக்குத் தோட்டக் கூலி கேவலமாகப்பட்டது, தோட்டக் கூலியை விட்டால் வேறு கதியும் இல்லை. வாத்தியாராக நாங்களும் "நல்லாப் படி" என்று சொன்னோமே தவிர, படித்து முடித்துவிட்டு எங்கே போவது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு.

அதே சினிமா இதே பையன்களை வேறு மாதிரியும் காட்டியிருக்கிறது. 1980-ல் பாலசந்தர் "வறுமையின் நிறம் சிவப்பு" எடுத்தார். வேலை தேடி டெல்லியில் அலைகிற படித்த பையன்களின் கதை. 1981-ல் ராபர்ட் - ராஜசேகர் "பாலைவனச் சோலை" எடுத்தார்கள். வேலையில்லாத நண்பர்கள், நடுவில் ஒரு பெண். அந்தப் படங்களில் வேலையின்மை வலித்தது. 2010-ல் "பாஸ் என்கிற பாஸ்கரன்" வந்தபோது அரியர் வைத்திருப்பது தமாஷ் ஆகிவிட்டது. அதை இயக்கிய ராஜேஷ்தான் இந்த வாலிபர் சங்கத்துக்கும் வசனம் எழுதினார். முப்பது வருடத்தில் வேலை வந்துவிடவில்லை, வருத்தம் மட்டும் போய்விட்டது. அந்த வருத்தம் எங்கே போனது? வீட்டில் இருக்கிற அம்மாவிடமும் அக்கா தங்கச்சியிடமும் போனது. பையன் "வருத்தப்படாத" சங்கத்தில் இருந்தால், அவனுக்கும் சேர்த்து வீட்டில் ஒருத்தி வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாள். சினிமாவைத் திட்டிவிட்டால் இந்தக் கணக்கு தீராது.

இரண்டாவது, ஜீப் தம்பிக்கு. "படத்தைப் படமா பாருங்க."

சரி தம்பி, படமாகவே பார்ப்போம். கதை நடக்கிற ஊர் சிலுக்குவார்பட்டி. நம் மாவட்டம்தான், நிலக்கோட்டைப் பக்கம். கதாநாயகன் போஸ்பாண்டி முதலில் காதலிப்பது கல்யாணி என்கிற பள்ளிக்கூட டீச்சரை. கடிதம் கொடுத்து அனுப்புவது யாரிடம்? அந்த டீச்சரிடம் படிக்கிற பிள்ளை லதாபாண்டியிடம். தியேட்டரில் அங்கே சிரிப்பு. எனக்கு மட்டும் அங்கே சிரிப்பு நின்றுவிடும்.

ஏனென்றால் அந்த டீச்சராக நான் இருந்திருக்கிறேன். இருபத்து மூன்று வயதில், மலையில் ஒரு கிராமத்தில், தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தேன். சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போனால் விசில். பள்ளிக்கூடச் சுவரில் என் பெயரும் பக்கத்தில் இன்னொரு பெயரும் கரியில் எழுதியிருக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க எனக்குக் குரலே வரவில்லை. ஊரில் சொன்னபோது, "சின்னப் பயலுக, விளையாட்டுக்குப் பண்றானுக, பெருசு பண்ணாதீங்கம்மா" என்றார்கள். அந்த விளையாட்டில் நான் எப்போது சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இருபது வருடத்துக்கும் முன்னால், எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. கணக்கில் கெட்டி. கரும்பலகையில் நான் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடும். பாலத்துத் திண்டுப் பையன் ஒருவன் அந்தப் பிள்ளைக்குக் கடிதம் எழுதி, நாலாவது படிக்கிற சின்னப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினான். கடிதம் என் கையில் சிக்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பையனை ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பு முழுக்கப் பார்க்க, அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "நீ இடம் கொடுக்காமலா எழுதியிருப்பான்?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். கரியில் என் பெயர் எழுதப்பட்டபோது குரல் வராமல் நின்றவள்தான் கேட்டேன்.

மறுநாள் பிள்ளை வரவில்லை. சேதி வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். கடிதம் சுமந்து வந்த சின்னப் பிள்ளையையும் ஒரு மாதம் அனுப்பவில்லை. நான் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தேன். "உங்க பள்ளிக்கூடத்துல மானம் போச்சு, இனிமே எதுக்கு டீச்சர்?" என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த பறிப்புக்கு அந்தப் பிள்ளை அம்மாவோடு காபிப் பழம் எடுக்கப் போனது. அப்புறம் கீழே ஒரு நூல் மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப் போவார்களே, "சுமங்கலித் திட்டம்" என்று நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், அந்த வழிதான். பதினெட்டு முடிவதற்குள் கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. நல்லபடியாக இருக்கிறான். அவனுக்கு அந்தக் கடிதமே ஞாபகம் இருக்காது. "அது ஒரு காலம்" என்று நீங்கள் சொன்னீர்களே தம்பி, அது இதுதான். உங்களுக்கு அது ஒரு காலம், கடந்து போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நின்றது நின்றதுதான்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் நல்ல காட்சி ஒன்று இருக்கிறது. லதாபாண்டிக்கு அவள் அப்பா கல்யாணம் ஏற்பாடு செய்யும்போது, பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று போலீஸுக்குச் சொல்லிப் போஸ்பாண்டி நிறுத்துகிறான். 2006-ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை இவ்வளவு எளிதாக ஜனங்களுக்குச் சொன்ன சினிமா குறைவு. கை தட்டுகிறேன். ஆனால் அதே பள்ளிக்கூடப் பிள்ளை கொஞ்ச நாளில் சேலை கட்டி வந்து நின்றதும் அவனுக்குக் கதாநாயகி ஆகிவிடுகிறாள். பாவாடை சட்டையிலிருந்து சேலைக்கு மாறினால் பிள்ளை பெரியவள் ஆகிவிடுவாளா? போக்சோ சட்டம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. படம் வந்தது அதற்குப் பத்து மாதம் கழித்து. பதினெட்டு வயது வரை குழந்தைதான் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரிப்பனை வைத்து வந்த இமானின் பாட்டை எங்கள் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் பாடிக்கொண்டு திரிந்தார்கள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

இந்தப் படத்தைப் பத்துத் தடவை பார்த்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். போஸ்பாண்டிக்கு என்ன பிடிக்கும், கோடிக்கு என்ன பிடிக்கும் என்று சொல்வீர்கள். லதாபாண்டி மேலே என்ன படிக்க ஆசைப்பட்டாள்? யோசித்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தோட்டத்துத் தம்பிக்கு. "எல்லா அப்பாவும் உள்ளுக்குள்ள பாசக்காரங்கதான்."

படத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். ஓடிப்போக நினைத்த மகளை அப்பா சிவனாண்டி சுட்டுக் கொன்றுவிட்டார் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும். கடைசியில் பார்த்தால் அவரே பிள்ளைகளை வழியனுப்பி வைத்திருப்பார். ஊர் மரியாதைக்காகக் கொன்றதாக வேஷம். சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது.

தம்பி, அந்தப் படம் வருவதற்கு இரண்டே மாதம் முன்னால், 2013 ஜூலை 4 அன்று, தர்மபுரியில் இளவரசன் ரயில் பாதை ஓரத்தில் பிணமாகக் கிடந்தார். சாதி மாறிக் கல்யாணம் செய்த பையன். அந்தக் கல்யாணத்துக்காக 2012 நவம்பரில் மூன்று குடியிருப்புகளில் வீடுகளைக் கொளுத்தினார்கள். படம் வந்து மூன்று வருடம் கூட ஆகவில்லை, 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கூட வெட்டுப்பட்டு உயிர் தப்பிய அவர் மனைவி நம் பழனிப் பெண். இங்கிருந்து மலையை இறங்கினால் பழனி எவ்வளவு தூரம்?

படத்தில் குறுக்கே நிற்பது ஒரு அப்பாவின் வீம்பு. வீம்பை வசனம் பேசிக் கரைத்துவிடலாம். நிஜத்தில் குறுக்கே நிற்பது சாதி. அது சிரிக்க வைத்தால் கரையாது. "கொன்றதாகச் சொன்னார், ஆனால் கொல்லவில்லை" என்பது தியேட்டரில் திருப்பம். தர்மபுரியிலும் உடுமலையிலும் அந்தத் திருப்பம் வரவில்லை. பாசக்கார அப்பாக்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி வந்ததும் அந்தப் பாசம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதை மூன்று தடவை ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்தவள் நான்.

அதற்காக இந்தப் படத்தைத் தடை செய் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. அடுத்த தடவை போட்டாலும் பார்ப்பேன், சூரிக்குச் சிரிப்பேன். சிரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளை சிரிக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், அது போதும்.

என்னிடம் படித்து இன்றைக்கு அப்பா, அம்மா ஆகியிருக்கிற பிள்ளைகளுக்கு மூன்றே விஷயம் சொல்லி முடிக்கிறேன். உங்கள் பெண்ணின் பையில் ஒரு கடிதம் இருந்தால், போனில் ஒரு மெசேஜ் வந்தால், முதலில் அவளிடம் "பயப்படாதே" என்று சொல்லுங்கள். படிப்பை நிறுத்தாதீர்கள், பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், அவள் டீச்சரிடம் பேசுங்கள். பக்கத்தில் எங்காவது பதினெட்டு முடியாத பிள்ளைக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டால் 1098-க்குப் போன் செய்யுங்கள். போஸ்பாண்டி செய்ததை நீங்களும் செய்யலாம், அதற்குக் காதலிக்க வேண்டியதில்லை. உங்கள் பையன் திண்டில் உட்கார்ந்திருந்தால் திட்டுவதற்கு முன்னால் அவனுக்கு என்ன வேலை தெரியும், என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று ஒரு தடவையாவது கேளுங்கள்.

அன்றைக்குக் கிளம்பும்போது ஜீப் தம்பியிடம் கேட்டேன். அவருக்கு ஆறாவது படிக்கிற மகள் இருக்கிறாள். "நாளைக்கு உன் பொண்ணுகிட்ட எவனாவது கடிதம் குடுத்தா, நீ யாரைப்பா வீட்ல உட்கார வைப்ப?" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்றார். யோசிக்கட்டும். நான் யோசிக்காமல் பேசினதற்குத்தான் இவ்வளவு வருடமாக வருத்தப்படுகிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைப் படித்தால், அம்மா, அன்றைக்கு நான் கேட்ட கேள்வி தப்பு. என்னை மன்னித்துவிடு.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினால் இன்னும் சந்தோஷம்.