எடுத்த படத்துக்கு யார் பொறுப்பு?

சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும்போது வலிக்காது, உறுத்தாது, கண் சிவக்காது. பேப்பர் படிக்க முடிகிறது, பஸ் நம்பர் தெரிகிறது என்று நோயாளி நிம்மதியாக இருக்கும்போதே உள்ளே நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கும். பார்வை மங்கிய பிறகு டாக்டரிடம் வந்தால், போனதில் பெரும்பகுதி போனதுதான். முன்கூட்டியே தெரிந்தால் லேசர் சிகிச்சை, கண்ணுக்குள் போடும் ஊசி என்று வழிகள் உண்டு. அதனால்தான் சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரையைக் காட்டிவிட வேண்டும் என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அத்தனை பேர் கண்ணையும் வருடா வருடம் பார்க்க நாட்டில் கண் டாக்டர்கள் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஸ்மார்ட்போன் வந்திருக்கிறது. போனின் கேமராவுக்கு முன்னால் தனி லென்ஸ் அமைப்பு ஒன்றைப் பொருத்தினால், கண்மணி வழியாக உள்ளே ஒளியைச் செலுத்தி விழித்திரையைப் படம் எடுத்துவிடலாம். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும்; டாக்டர் வேறு ஊரில் இருந்துகொண்டே படத்தைப் பார்க்கலாம். டாக்டருக்கு முன்னால் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பார்த்து, சந்தேகத்துக்குரிய படங்களைப் பிரித்தும் தரும். பெங்களூரில் தயாரான இப்படியொரு கருவியைச் சென்னையில் உள்ள டாக்டர் மோகன் நீரிழிவு மையத்தில் சுமார் 300 நோயாளிகளிடம் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பார்வையைப் பறிக்கக்கூடிய அளவுக்கு முற்றிய பாதிப்புகளில் 99 சதவீதத்தை மென்பொருள் பிடித்துவிட்டது. கேரளம் நர்ஸுகளை வைத்துக் குடும்ப சுகாதார மையங்களிலேயே விழித்திரைப் படம் எடுக்கும் ‘நயனாமிர்தம்’ திட்டத்தை நடத்துகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மாத்திரை போகும் வீடுகளில் இருப்பவர்களின் விழித்திரையும் ஆண்டுதோறும் படமெடுக்கப்பட வேண்டும்; ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதற்கு ஏற்பாடு வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால், கருவி வாங்குவதோடு வேலை முடிந்தது என்று அரசு நினைத்தால், அதை எதிர்க்கவும் வேண்டியிருக்கும்.

சென்னை ஆய்வின் இன்னொரு எண்ணைப் பார்க்கலாம். கண்ணில் பாதிப்பு இல்லாதவர்களை ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது 80 சதவீதம்தான். அதாவது நல்ல கண்ணோடு வரும் ஆயிரம் பேரில் 200 பேரை ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று மென்பொருள் அனுப்பிவைக்கும். நோயை விட்டுவிடுவதைவிட இது பரவாயில்லை என்று மருத்துவம் சொல்லும், சரிதான். ஆனால் அந்த 200 பேரும் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்ற வார்த்தையோடு திரும்புவார்கள். அடுத்த ஆண்டு கூப்பிட்டால் வருவார்களா? இத்தனைக்கும் அது நகரத்தில், சிறப்பு மையத்தில், பழகிய கைகள் எடுத்த படங்களை வைத்து வந்த கணக்கு.

கிராமத்து நிலையத்தில் நிலைமை வேறு. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும். சுருங்கினால் படம் ஓரத்தில் கறுத்துப்போகும். வயதானவர்களுக்குக் கண்மணி ஏற்கெனவே சிறிது. கூடவே புரையும் இருந்தால் படம் பனிமூட்டமாகத்தான் விழும். அறையை இருட்டாக்க வேண்டும், இல்லையென்றால் சொட்டு மருந்து விட்டு இருபது, முப்பது நிமிடம் உட்காரவைக்க வேண்டும். மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். டூவீலர் ஓட்டக் கூடாது. மதியம் களையெடுக்கப் போக வேண்டியவருக்கு அந்த நாள் அத்தோடு சரி. கருவி விற்க வருபவர்களின் விளம்பரப் படத்தில் இது எதுவும் வராது.

தாய்லாந்தில் இதை நடத்தியே பார்த்தாகிவிட்டது. ஆய்வகத்தில் கண் டாக்டர்களுக்கு இணையாக வேலை செய்த கூகுளின் மென்பொருளை அங்குள்ள 11 கிளினிக்குகளில் இறக்கினார்கள். 2020-இல் கூகுள் ஆய்வாளர்களே வெளியிட்ட கட்டுரை, நேர்மைக்காகவே பாராட்டத்தக்கது. பெரும்பாலான இடங்களில் இருட்டாக்கக்கூடிய தனி அறை இல்லை. மென்பொருளுக்குப் போன படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ‘தரம் போதாது’ என்று தள்ளப்பட்டன. ஒரு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் இன்டர்நெட் போனதும், 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது. தள்ளப்பட்ட படத்துக்குரியவர் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்பது விதி. இதைப் பார்த்த சில நர்ஸுகள், ‘உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல்?’ என்று நோயாளிகளிடம் ஆய்வில் சேர வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நோயாளியின் பஸ் செலவை யோசித்தவர்கள் அந்த அறையில் அவர்கள் மட்டும்தான்.

நல்ல பாடம் கென்யாவில் கிடைக்கிறது. அங்கே டிரான்ஸ் என்சோயா பகுதியில் 50 பள்ளிகளை இரண்டாகப் பிரித்து, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே கண் பரிசோதனை செய்தார்கள். ஒரு பாதியில் வழக்கமான அட்டை, கையில் ஒரு சீட்டு. மறுபாதியில் ‘பீக்’ என்ற ஸ்மார்ட்போன் செயலி. பார்வைக் குறை தெரிந்த பிள்ளைகளில் அட்டைப் பள்ளிகளில் 22 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செயலிப் பள்ளிகளில் 54 சதவீதம். 2018-இல் லான்செட் குழும இதழில் வந்த முடிவு இது. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பெற்றோருக்குப் போன எஸ்.எம்.எஸ். நினைவூட்டல்களும், உங்கள் பிள்ளைக்குக் கரும்பலகை இப்படித்தான் தெரிகிறது என்று மங்கலாக அச்சிட்டுக் கொடுத்த படமும் செயலிப் பக்கத்தில் மட்டும் இருந்தவை. போன் கண்ணைச் சோதித்ததைவிட, சோதித்த பிறகு விடாமல் துரத்தியதுதான் பலன் தந்திருக்கிறது என்று நினைக்கிறோம். அப்படித் துரத்தியும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் போகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தத் துரத்தும் வேலையை இங்கே யார் செய்வது? கிராம சுகாதார செவிலியர் தலையிலும் மகளிர் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் தலையிலும்தான் கட்டுவார்கள். பதிவேட்டில் எழுதியதையே செயலியிலும் ஏற்றி, டவர் கிடைக்காமல் மொட்டை மாடிக்குப் போய் நிற்பவர்கள் அவர்கள். மகாராஷ்டிரத்தில் 2021-இல் அங்கன்வாடி ஊழியர்கள், வேலை செய்யாத அரசு போன்களைத் திருப்பிக் கொடுத்தே போராடினார்கள். இன்னொரு செயலியைச் சேர்க்கும் அரசு, பழைய பதிவேடு ஒன்றையாவது எடுத்துவிட வேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணமும் கொடுக்க வேண்டும்.

படம் சிகிச்சைக்கு மட்டும் பயன்படுவதில்லை என்பதும் முக்கியம். 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள் விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து ஒருவரின் வயது, ஆணா பெண்ணா, புகைபிடிப்பவரா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் மென்பொருள் ஊகிப்பதைக் காட்டினார்கள். எத்தனை அனுபவமுள்ள கண் டாக்டரும் கண்ணுக்குள் பார்த்து ஆண், பெண் சொன்னதில்லை. நாளை மாரடைப்பு அபாயத்தை இதே படத்திலிருந்து சொல்லலாம். மருத்துவ ஆராய்ச்சிக்கு இது பெரிய வாசல். காப்பீட்டு நிறுவனம் ஒன்று அதே வாசல் வழியாக எட்டிப் பார்த்தால்? 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது; தனிப்பட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கத் தரவைப் பயன்படுத்தாமல், வகுத்த நெறிகளின்படி நடக்க வேண்டும் என்பதே நிபந்தனை. டேப்லெட் திரையில் ஆங்கிலத்தில் ஓடும் நான்கு பக்கத்துக்குக் கீழே கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. சிகிச்சைக்கு ஒரு கேள்வி, ஆராய்ச்சிக்குத் தனியாக ஒரு கேள்வி; தமிழில், வாய்விட்டுக் கேட்க வேண்டும். இரண்டாவதற்கு ‘வேண்டாம்’ என்பவருக்கும் முதலாவது கிடைக்க வேண்டும்.

கூகுள் 2016-இல் வெளியிட்ட முதல் ஆய்வுக்கே மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் நோயாளிகளுடைய படங்களும் பயன்பட்டன. நம் ஊர்க் கண்களைப் பார்த்தும்தான் இந்த மென்பொருள்கள் படித்திருக்கின்றன. இனி அரசு மருத்துவமனைப் படங்களைக் கேட்டு வரும் எந்த நிறுவனமானாலும், அதில் உருவாகும் மென்பொருளைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கருவிக்கான டெண்டருக்கு முன்பே சுகாதாரத் துறை செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த அரசு ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை, லேசரும் ஊசியும் கிடைக்கும் என்பதை வட்டம் வாரியாக அறிவிக்க வேண்டும். அனுப்பப்படும் நோயாளிக்குப் பஸ் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். மாதா மாதம் வெளியிடும் கணக்கில் எத்தனை படம் எடுத்தோம் என்பதை இரண்டாவதாகப் போட்டுக்கொள்ளட்டும். அனுப்பியவர்களில் எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள் என்ற எண்ணை மாவட்ட வாரியாக முதலில் வெளியிட வேண்டும்.