தூக்கணாங்குருவியும் கோலார் நாட்டு மழையும்

பறவைகளைப் பற்றிய நூல்களில் ஒவ்வொரு பறவைக்கும் எதிரே அது கூடு கட்டும் மாதங்கள் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இவ்வட்டவணைகள் பயனுள்ளவையே. ஆயினும், பல பிராந்தியங்களில் கிடைத்த குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்து வகுத்த பொது விதியை ஒவ்வோர் ஊருக்கும் அப்படியே பொருத்துவது விஞ்ஞான முறையாகாது. பங்காருபேட்டையைச் சூழ்ந்த நாட்டில் வாழும் தூக்கணாங்குருவி இவ்வுண்மையை நமக்குத் தெளிவாக உணர்த்தக் கூடியது.

சூழ்நிலை இப்பறவையின் உருவத்திலேயே தன் முத்திரையைப் பதித்திருக்கிறது. மழை மிகுந்த தென்மேற்கு இந்தியாவில் வாழும் தூக்கணாங்குருவிகள் முதுகுப்புறத்தில் அதிகக் கருமை கொண்டவை. ஆகவே அவை தனிக் கிளையினமாகக் கொள்ளப்படுகின்றன. ஈரம் மிகுந்த இடங்களில் பறவைகளின் நிறம் ஆழ்ந்தும், வறண்ட இடங்களில் வெளிறியும் காணப்படும் என்னும் பொது நியதிக்கு இது ஒத்திருக்கிறது. பருவத்துக்கேற்ற மாறுதலோ இதனினும் வியப்பானது. மற்ற மாதங்களில் ஊர்க்குருவியின் பேடையைப் போல் மங்கலாகத் தோன்றும் ஆண் பறவை, இனவிருத்திக் காலத்தில் மஞ்சள் முடியும் கரும்பழுப்பு முகமும் கொண்டு பொலிகிறது.

இம்மாறுதலைத் தூண்டுவன யாவை? பகற்பொழுதின் நீளம் பறவையின் உடலை ஆயத்தப்படுத்துகிறது. ஆனால் கூடு முடைவதற்கு நீண்ட பசும்புல் வேண்டும். குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் வேண்டும். இவ்விரண்டையும் தருவது மழை. டில்லியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. ஏறத்தாழ 13 பாகை அட்சரேகையில் உள்ள பங்காருபேட்டையிலோ அது சுமார் ஒன்றரை மணிதான். எனவே இங்குள்ள குருவிக்குச் சூரியனைவிட மழையே முக்கியமான அறிவிப்பாளனாக இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

அம்மழையும் இங்கு ஒரே சீராகப் பெய்வதில்லை. மே மாதத்தில் கோடை மழை வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஓரளவே தருகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை மிகுகிறது. வற்றாத ஆறு இல்லாத இந்நாட்டில் மக்கள் பண்டைக்காலம் முதலே ஏரிகளை வெட்டி மழைநீரைத் தேக்கினர். தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேதமங்கலம் ஏரி அவற்றுள் பெயர் பெற்றது. குடியானவர் மழையை நட்சத்திரங்களின் பெயரால் கணக்கிட்டு விதைப்பதைப் போலவே, குருவியும் தன் கணக்கை மழையைக் கொண்டே போடுகிறது.

அக்கணக்கில் தவறு நேரின் நட்டம் பெரிது. ஒரு கூட்டை முடிக்க ஆண் பறவைக்குச் சுமார் பதினெட்டு நாட்கள் பிடிக்கின்றன. பாதி முடிந்த கூட்டைப் பேடை வந்து சோதித்து, மனத்துக்குப் பிடித்தால் மட்டுமே ஏற்கும். பிறகு அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரங்கள். குஞ்சுகள் வளர்ந்து வெளியேற மேலும் இரண்டரை வாரங்கள். இடையே மழை பொய்த்துப் புல் காய்ந்து பூச்சிகள் அருகிவிட்டால், அத்தனை உழைப்பும் வீணாகும்.

இன்று இவ்வமைப்பிலேயே புதியதொரு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. 2018-ஆம் ஆண்டு முதல் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்டத்து ஏரிகள் பலவற்றுக்குக் குழாய் வழியே அனுப்பப்படுகிறது. மழையின்றியே நிரம்பும் ஏரிகளும், மழையை மட்டுமே நம்பிய ஏரிகளும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. எந்த ஆய்வுக்கூடத்திலும் அமைக்க இயலாத பெரும் பரிசோதனை இது. நீர் நிறைந்த ஏரியின் ஓரத்தில் குருவி முன்னதாகவே கூடு கட்டத் தொடங்குமா? தொடங்கினால், குஞ்சுகள் வெளிவரும் வேளையில் சுற்றுப்புற வயல்களில் போதிய பூச்சிகள் இருக்குமா? அன்றித் தண்ணீர் இருந்தும் மழைக்காகவே காத்திருக்குமா? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், இரு வகை ஏரிகளும் இருக்கும் இப்பொழுதே குறிப்பெடுக்கத் தொடங்க வேண்டும். எல்லா ஏரிகளும் ஒரே வகையாகிவிட்ட பின்னர் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

குடிநீருக்கே மக்கள் ஆயிரம் அடிக்கும் கீழே துளையிடும் நாட்டில் குருவியை எண்ணுவது வீண் வேலை என்று சிலர் கூறலாம். தானியம் தின்னும் இப்பறவையைக் கேழ்வரகு பயிரிடுவோர் நண்பனாகக் கருதுவதில்லை என்பதும் மெய்யே. ஆனால் ஏரிக்கு நீர் திரும்பினால் மட்டும் அதைச் சார்ந்த உயிர்கள் யாவும் தாமே திரும்பிவிடும் என்று கொள்வது ஊகமேயன்றி அறிவன்று. அவ்வூகத்தைச் சோதிக்க, எவர் கண்ணுக்கும் எளிதில் புலப்படும் கூடுகளைத் தொங்கவிடும் இப்பறவையைவிடத் தகுந்த சாட்சி கிடைப்பது அரிது.

இதற்குப் பெரும் பொருட்செலவும் தேவையில்லை. 1930-இல் வேலையின்றி இருந்த சாலிம் அலி, பம்பாய்க்கு அருகே கீகிம் கிராமத்தில் தங்கித் தம் கண்ணையும் குறிப்பேட்டையும் துணையாகக் கொண்டே இக்குருவியின் குடும்ப வாழ்வை ஆராய்ந்தார். ஓர் ஆண் பறவை ஒன்றன்பின் ஒன்றாகப் பல பேடைகளுக்குக் கூடு அமைக்கும் முறையை அவர் அங்குதான் தெளிவாக்கினார். பங்காருபேட்டை, தங்கவயல், மாலூர் ஆகிய இடங்களிலுள்ள பள்ளிகள், ஆளுக்கோர் ஏரியை எடுத்துக்கொண்டு, முதற்கூடு தொடங்கிய நாள், கூடுகளின் எண்ணிக்கை, மரத்தின் வகை, அவ்வாரத்து மழையளவு ஆகிய நான்கையும் ஆண்டுதோறும் பதிவு செய்தால் போதும். கூட்டைத் தொடவோ பறிக்கவோ வேண்டியதில்லை.

இத்துடன் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஏரிகளைத் தூர் வாரும்போது கரையிலுள்ள ஈச்ச மரங்களையும் கருவேல மரங்களையும் புதரென்று கருதி அகற்றிவிடுதல் கூடாது. நீரின் மேல் சாய்ந்த முட்கிளையே பாம்பினின்றும் பிற பகைகளினின்றும் கூட்டைக் காக்கும் அரண். நீரைக் கொணர்ந்துவிட்டு மரத்தை வெட்டினால், குருவி வராததற்குக் காரணம் நீரா, மரமா என்று அறியும் வாய்ப்பையும் நாம் இழந்துவிடுவோம்.