கரிகாலனை அடித்தால் என்ன?

மாணவர் ஒரே மூச்சில் எழுதிய கட்டுரையில் கை வைக்கக் கூடாதாம். பத்தி பிரித்து, வெட்டி, திருத்தினால் உயிர் போய்விடுமாம். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் வாதம் இது. கேட்க இனிக்கிறது, தாள் திருத்தும் வேலையும் மிச்சம்.

தஞ்சைப் பக்கத்து மாணவர் எழுதக்கூடிய ஒரு பத்தியைப் பார்ப்போம். காவிரி புனிதமானது, கரிகாலன் கல்லணை கட்டினான், மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க வேண்டும், குறுவை குறுகிய காலப் பயிர், விவசாயிகள் கஷ்டப்படுகிறார்கள். தனித்தனியே எல்லாம் சரிதான். சொல்ல வந்தது என்ன?

அதையே திருத்தி எழுதினால்: தண்ணீர் தாமதமானால் நடவு தள்ளிப்போகும். நடவு தள்ளிப்போனால் அறுவடை ஐப்பசி மழையில் மாட்டும். 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல் கொள்முதல் நிலைய வாசலிலேயே கிடக்கும். அதே மாணவர், அதே விஷயம். ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. 'கஷ்டம்' என்று எழுதவே வேண்டாம். கரிகாலனை அடித்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டான். இதில் எங்கே உயிர் போனது?

திருத்துவதில் பெரியவர்களும் சளைக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே.சாமிநாதையர், சுவடிகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அதோடு விட்டாரா? 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது.

அறுபது தாளைப் பார்க்க நேரமில்லை என்றால் பேராசிரியர் அதை நேராகவே சொல்லலாம், நியாயமான குறைதான். ஒரு கல்விப் பருவத்துக்கு ஆறு கட்டுரை எழுத வைப்பது எதற்கு? இரண்டு போதும், இரண்டையும் மாணவரே திருத்தி மறுபடி எழுதட்டும்.