அளந்து எழுதாத பெருமை

சென்ற பொங்கல் விழாவில், கோலப் போட்டி முடிந்து பந்தி தொடங்குவதற்கு முன், என் மரக் கப்பலை மேடை ஓரத்து மேசையில் வைத்திருந்தேன். நாச்சாரத்திலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்த்த கப்பல். இரண்டேகால் அடி நீளம், மூன்று பாய்மரம், இரு பக்கமும் பீரங்கி வரிசை. மூன்று வருட வேலை.

பார்த்தவர்கள் பாராட்டினார்கள். குழந்தைகள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு நண்பர் மட்டும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்: "வேலை பிரமாதம் சார். ஆனா வெள்ளைக்காரன் போர்க்கப்பலை ஏன் செஞ்சீங்க? கடாரம் வென்ற ராஜேந்திர சோழன் கப்பலைச் செஞ்சிருக்கலாமே? நம்ம பிள்ளைங்களுக்குப் பெருமையா இருந்திருக்குமே!"

பந்திக்கு அழைத்துவிட்டார்கள். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். கேள்வி என்னை விடவில்லை. நம் இதழில் பதில் எழுதினால் அவரோடு மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கப்பல் எது என்று சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் 'டிரிங்கோமலி'. ஆம், நம் திருகோணமலைதான். 1782ல் அந்தத் துறைமுகத்துக்கு எதிரே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர். கப்பல் கட்டப்பட்டது இங்கிலாந்தில் அல்ல, நம் பம்பாயில். கட்டியவர் வாடியா குடும்பத்துப் பார்சி தலைமைக் கப்பல் தச்சர் ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி. மரம் மலபார்த் தேக்கு. 1816ல் வேலை தொடங்கி, 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார்கள். பீரங்கித் தளத்தின் நீளம் 150 அடி, அகலம் 40 அடி. இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அது நீரில் நிற்கிறது. மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதுவே மிகப் பழையது. பயிற்சிக் கப்பலாக வேறு பெயரில் பல காலம் உழைத்துக் களைத்த பின், 1992ல் பழைய பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். 2001ல் சீரமைப்பு வேலை முடிந்தது.

இந்தக் கப்பலின் கதையில் ஒரு சிறு சம்பவம் உண்டு. நண்பருக்கு என் பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. இதற்கான வரைபடங்களை லண்டனிலிருந்து 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரையருகே அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்' கப்பல் ஜாவாவைத் தோற்கடித்தது. ஜாவாவோடு வரைபடமும் போயிற்று. மறு பிரதி வந்து சேரும் வரை பம்பாய்த் துறையில் இந்தக் கப்பலின் வேலை தொடங்கவில்லை. ஜாம்ஷெட்ஜி சாமானியத் தச்சர் அல்ல. எத்தனையோ கப்பல் கட்டி இறக்கிய கை. அந்தக் கையே வரைபடத்துக்காகக் காத்திருந்தது.

அவரே காத்திருந்தார் என்றால், நாச்சாரத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நான் எம்மாத்திரம்?

சோழன் கப்பலுக்கு வருகிறேன். 1025ஆம் ஆண்டுவாக்கில் ராஜேந்திரன் கடல் கடந்து படை அனுப்பினான் என்பதில் ஐயமில்லை. அவன் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. ஆனால் போன கப்பலின் நீளம் என்ன, அகலம் என்ன, பலகையை ஆணியால் அடித்தார்களா, கயிற்றால் தைத்தார்களா, பாய் சதுரமா, முக்கோணமா? ஒன்றுக்கும் வரைபடம் இல்லை. கப்பல் சாத்திரம் என்று ஒரு தமிழ்ச் சுவடி 1950ல் சென்னையில் அச்சாயிற்று. அது சோழர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அதை வைத்துக்கொண்டு ஒரு சோழர் கப்பலின் விலாவை அறுக்க முடியாது. கண்காட்சிகளில் 'சோழர் கப்பல்' என்று வைத்திருப்பதெல்லாம் செய்தவரின் ஊகம்தான். ஊகம் தவறல்ல. ஆனால் ஊகத்தைச் செய்துவிட்டு, "இதுதான் நம் கப்பல், பார்" என்று பேரனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் தொழிலால் பேட்டர்ன் மேக்கர். வார்ப்படத் தொழிற்சாலையில் இரும்பை ஊற்றுவதற்கு முன் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்கும் வேலை. நாற்பது வருடம் வரைபடத்தைப் பார்த்து மரம் செதுக்கினேன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கடையில் பெட்டியோடு விற்கும் கப்பல் வேண்டாம், ஒவ்வொரு துண்டையும் நானே அறுக்க வேண்டும் என்று ஆசை. அப்போது முதலில் செய்ய நினைத்தது டிரிங்கோமலியை அல்ல. என் தாத்தாவின் தோணியை.

என் தாத்தா தூத்துக்குடியில் ஓடாவி. கப்பல் தச்சரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணிகள் கட்டியவர். கையில் ஒரு முழக்கோல், ஒரு கயிறு, அவ்வளவுதான். ஏராவைக் கிடத்திவிட்டு, தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். "ஏலே, அணியம் இன்னும் ரெண்டு விரக்கடை ஏறணும்" என்பார். ஏற்றினால் சரியாக இருக்கும். காகிதம் என்பதே கிடையாது. அது குறையும் அல்ல. அப்பன் மகனுக்கும், மகன் பேரனுக்கும் கையால் கொடுத்துவந்த கல்விக்குக் காகிதம் எதற்கு?

கொடுக்க ஆள் இருக்கும் வரை எதற்கும் வேண்டாம். அப்பா துறைமுக ஆபீசில் எழுத்தர் வேலைக்குப் போனார். நான் ஐ.டி.ஐ. முடித்து ஹைதராபாத்துக்கு ரயில் ஏறினேன். தாத்தா போன பிறகு அவர் கட்டிய தோணிகளும் ஒவ்வொன்றாய் உடைந்து விறகாயின. முழக்கோல் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அறுபது வயதில் அவர் தோணியைச் செய்ய உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்தது அதன் தார் வாசனை மட்டும்தான். ஓர் அளவு கூட என்னிடம் இல்லை. சோழனின் கப்பல் ஆயிரம் வருடத்துக்கு முந்தியது, தொலைந்துபோனதற்கு நியாயம் சொல்லலாம். என் தாத்தாவின் தோணி என் கண் முன் தொலைந்தது. அதற்கு யாரைக் குறை சொல்ல?

வெள்ளைக்காரன் கப்பலுக்கு நான் போனது இப்படித்தான். அதற்கு வரைபடம் இருந்தது. இந்த வகைக் கப்பலின் மூல வடிவம் பிரெஞ்சுக்காரருடையது; 1782ல் பிடித்த 'எபே' என்ற கப்பலை ஆங்கிலேயர் அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து தமதாக்கிக்கொண்டார்கள். எதிரியின் கப்பலைப் பிடித்ததும் பாட்டு எழுதாமல் டேப்பை எடுத்து அளந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

96ல் ஒரு பங்கு என்று அளவு வைத்தேன். ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம். 150 அடித் தளம் பதினெட்டே முக்கால் அங்குலம் ஆயிற்று. பழைய வீட்டுக் கதவை உடைத்த தேக்கில் ஏராவும், ரேகை நெருக்கமான மஞ்சக்கடம்பில் பலகையும் அறுத்தேன். மர ஆணிக்கு மூங்கில். பூஜை அறையில் எரிந்து மிஞ்சிய ஊதுபத்திக் குச்சிகள் அதற்கு நன்றாகவே உதவின. பலகையை வளைக்க வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்த வேண்டும். என் மனைவி குக்கரை ஒளித்து வைத்தது அந்த நாட்களில்தான்.

முதல் உடல் வீணாயிற்று. கப்பலின் நடுவில் விலாவின் சுற்றளவு அதிகம், முனையில் குறைவு. ஆனால் பலகைகளின் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆகவே ஒவ்வொரு பலகையும் முனை நோக்கி மெலிந்துகொண்டே போக வேண்டும். நாற்பது வருட அனுபவத் திமிரில் நான் ஒரே அகலமாக ஒட்டிக்கொண்டு போனேன். முனையில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. வரைபடத்தில் உள்ள குறுக்குவெட்டை அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தபோதுதான் எங்கே எவ்வளவு தவறு என்று தெரிந்தது. இரண்டு மாத வேலையைப் பிய்த்துப் போட்டேன். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் ஒற்றைக் கண்ணை மூடி ஒரு நொடியில் சொல்லியிருப்பார். அவர் இல்லாத இடத்தில் அந்தக் காகிதம்தான் என் பிழையைச் சொன்னது.

"அடிமை நாட்டுக்காரன் வெள்ளைக்காரனுக்குக் கட்டிக் கொடுத்த கப்பலில் என்ன பெருமை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உத்தரவு அவர்களுடையது, லாபம் அவர்களுடையது, வெட்டுண்ட காடு நம்முடையது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் இருநூறு வருடம் தாங்கிய இணைப்புகளை இழைத்த கை நம் நாட்டுக் கை. அந்தக் கைவேலை இன்று உலகத்துக்குத் தெரிவதற்குக் காரணம், கப்பலும் பிழைத்தது, காகிதமும் பிழைத்தது.

நம் கரையின் படகுகளை யாருமே அளக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அளந்தார்கள். பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி சோழமண்டலக் கரைக்கு வந்து நம் கட்டுமரத்தையும் தோணியையும் மசூலாப் படகையும் வரைந்து 1840களில் புத்தகமாகப் போட்டார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920ல் இந்தியப் படகுகள் பற்றி விரிவாக எழுதினார். நம் பாட்டன் படகைச் செய்ய வேண்டுமானால் பாரிஸுக்கும் லண்டனுக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. 'கட்டுமரம்' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தோம் என்று மேடையில் முழங்குகிறோம். ஒரு கட்டுமரத்தில் எத்தனை மரம், எந்த மரம், எப்படிக் கட்டு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி என் பேரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஆங்கிலம், தெலுங்கு, இந்தி. தமிழ் வீட்டில் பேச்சு மட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பான். நம் சங்கத்துத் திருக்குறள் போட்டிக்கு ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தவன். நான் தடுக்கவில்லை, பரிசும் வாங்கினான். ஒருநாள் பசை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "தாத்தா, இதுக்கெல்லாம் தமிழ்ல பேரு இருக்கா?" என்று கேட்டான். ஏரா, வங்கு, அணியம், அமரம், சுக்கான், பருமல், ஆலாத்து, கலப்பத்து என்று எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். ஐயம் வந்ததற்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் பார்த்தோம். துண்டுக் காகிதத்தில் ஒவ்வொரு பெயரையும் தமிழில் அவனே எழுதி, துண்டுகளின் மேல் ஒட்டினான். வங்கைத் தொட்டு 'வங்கு' என்று எழுதிய பையனுக்கு அந்தச் சொல் மறக்காது. மனப்பாடம் செய்த குறள் போட்டி முடிந்த மறு வாரம் மறந்துபோயிற்று. குறளைக் குறைத்துச் சொல்லவில்லை, அன்பர்களே. நாம் அதைக் கொடுக்கும் முறையைத்தான் சொல்கிறேன்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. செலவு அதிகமில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நாம் ஊருக்குப் போகிறோம். போகும்போது பிள்ளைகளிடம் ஒரு டேப்பும் ஒரு கட்டம் போட்ட நோட்டும் கொடுத்து அனுப்புவோம். தோணியோ, மாட்டு வண்டிச் சக்கரமோ, தறியோ, பாட்டியின் உரலோ, ஏதாவது ஒரு பொருளை அளந்து, வரைந்து, அதன் உறுப்புகளின் பெயரை அதைச் செய்பவர் வாயால் கேட்டுத் தமிழில் எழுதிக் கொண்டு வரட்டும். செல்போனில் படம் எடுத்தால் போதாதா என்பீர்கள். படம் பார்க்க உதவும். திரும்பச் செய்ய அளவுதான் உதவும். வந்த நோட்டுகளை நம் சங்க அலமாரியில் வைப்போம். பொங்கலுக்கு அவற்றையே கண்காட்சியாக்குவோம். ஊரில்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. நாச்சாரம், மல்லாபூர்ப் பட்டறைகளில் நம்மவர் எத்தனையோ பேர் கைத்தொழிலாலேயே குடும்பத்தை நிலைநிறுத்தினார்கள். அவர்களுடைய உளியையும் அச்சையும் பற்றி அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதலாம்.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்: சோழன் கப்பலை நான் செய்யாதது பெருமை குறைவால் அல்ல, அளவு இல்லாததால். அந்தத் தவறு இன்னொரு முறை நடக்கக் கூடாது. வரும் மே மாதம் பேரனோடு தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். துறையில் இன்னும் சில மரத் தோணிகள் இருக்கின்றன. இன்ஜின் வைத்தவைதான், ஆனாலும் ஏராவும் வங்கும் பழையபடியே. டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். மறு முனையை அவன் பிடிப்பான்; எழுதுவதும் அவன்தான், தமிழில்.