மண்ணுக்கு விலை உண்டு, உழைப்புக்கு?

கடம்பத்தூர் வட்டாரத்து வயல்வெளியிலே மண்வெட்டும் இயந்திரம் இறங்கினால் ஓரிரவு போதும். பொழுது விடிகிறபோது வயல் இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும். மண் சூளைக்குப் போய்விடும். இல்லையேல் வீட்டுமனை மேடாகிவிடும். உழவன் கையில் ஒரு தொகை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது அதை வேண்டாமென்று தள்ளும் துணிவு எவருக்கு வரும்? உழவனை நாம் குறை கூறவில்லை.

நாம் கேட்பது வேறு. மண்ணுக்கு விலை பேசினீர்கள். அந்த மண்ணுக்குள்ளே கூலியின்றி உழைத்த கூட்டத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா?

பூஞ்சை என்றதும் முகம் சுளிக்கிறோம். ஊறுகாயைக் கெடுப்பதும் அதுதானே என்கிறோம். கெடுக்கும் பூஞ்சை உண்டு, மறுக்கவில்லை. வேர்க்கடலைச் செடியை வேரழுகலால் வீழ்த்துவதும் ஒரு பூஞ்சைதான். ஆனால் அதை எதிர்த்து நிற்பது யார்? இன்னொரு பூஞ்சை! டிரைக்கோடெர்மா என்பது அதன் பெயர். பகைப் பூஞ்சைக்கு முன்பே இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்கிறது. அதன் இழையைச் சுற்றி வளைத்து, மேல்சுவரைக் கரைத்து, உள்ளிருப்பதை உண்டுவிடுகிறது. 1932-லேயே வெயிண்ட்லிங் என்ற அறிஞர் இதைக் கண்டு எழுதினார். இன்று கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதையுங்கள் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. நல்ல யோசனை. அதே விதையில் பூஞ்சைக்கொல்லி மருந்தையும் கலந்து, காவற்காரனையும் சேர்த்துக் கொன்றுவிடாதிருந்தால் சரி.

காவல் காப்பது ஒன்று; சோறு சுமப்பது மற்றொன்று. வேருக்குள் புகுந்து, வெளியே நூலினும் நுண்ணிய இழைகளைப் பரப்பி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் நீரையும் கொண்டுவந்து கொடுக்கும் பூஞ்சை அது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. 1885-ல் ஜெர்மானியர் ஃபிராங்க் இத்தகைய உறவுக்கு ‘மைக்கோரைசா’, அதாவது வேர்ப்பூஞ்சை, என்று பெயரிட்டார். பெயர்தான் புதிது, உறவு பழையது. ஸ்காட்லாந்திலே 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள கல்லுக்குள் அதன் தடயம் கிடைத்திருக்கிறது. சாதியும் சாத்திரமும் பிறப்பதற்கு எத்தனையோ யுகம் முன்னே நடந்த கொடுக்கல் வாங்கல்!

இந்த உழைப்பாளிகள் பெரும்பாலும் குடியிருப்பது மேல் ஓரடி மண்ணிலே. சூளைக்காரர் கேட்பதும் அதே ஓரடியைத்தான்.

“போனால் என்ன, பொட்டலம் வாங்கிப் போடலாமே” என்பார் சிலர். டிரைக்கோடெர்மாவைத் தொட்டியில் வளர்த்துப் பொட்டலம் கட்டலாம், உண்மை. ஆனால் அதற்கு உண்ண மக்கு வேண்டும். 50 கிலோ தொழுவுரத்திலே கலந்து ஓர் எக்டருக்கு இடச்சொல்வது அதனால்தான். வேர்ப்பூஞ்சையோ உயிருள்ள வேரின்றி வாழாது. அதை விற்பவர்களும் செடியின் வேரிலே வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். மக்கும் வேரும் அற்ற அடிமண்ணிலே பொட்டலத்தைக் கொட்டுவது, கூரை பிரித்த வீட்டுக்குக் குடிவரச் சொல்வது போலத்தான்.

சட்டம் செங்கல் மண்ணைச் ‘சிறு கனிமம்’ என்கிறது. அளவு பார்த்துக் கட்டணம் வாங்குகிறது. கருங்கல்லுக்கும் கனிமம் என்று பெயர், கழனி மண்ணுக்கும் கனிமம் என்று பெயர்!

மண்ணே எடுக்கக்கூடாது என்று நாம் கூறவில்லை. செங்கல் இல்லாமல் ஏழைக்கு வீடு ஏது? எடுக்குமுன் மேல் ஓரடியை வழித்து ஒதுக்கிவைக்கட்டும். எடுத்தபின் அதே வயலில் திரும்பப் பரப்பட்டும். அன்றே தக்கைப்பூண்டோ சணப்போ விதைக்கட்டும். அனுமதிச் சீட்டிலே இந்த நிபந்தனையை எழுத ஒரு வரி போதும். அந்த வரியை எழுத ஆள்வோருக்கு என்ன தடை?