அஞ்சடிக்கு யார் விளக்கு வைப்பது?

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் என்றதும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது விரிவுரையாளர்கள் தரும் தலைப்புப் பட்டியலைத்தான். அதில் குற்றமில்லை. தேவையான கருவி ஆய்வுக்கூடத்தில் இருக்கும், மூத்த மாணவர்களின் அறிக்கை நூலகத்தில் இருக்கும், புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் ஒரு கேள்வியை நாமே கண்டெடுத்து, அதற்கு நாமே விடை தேடும் வாய்ப்பு பட்டப்படிப்புக் காலத்தில் ஒருமுறைதான் வருகிறது. அதை நாம் ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறோம்?

நான் பட்டியலுக்கு வெளியே ஒரு தலைப்பை எடுத்தேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் அஞ்சடிகளில் இரவு வெளிச்சம் எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்பதே அது. விளக்குப் போட்டால் வெளிச்சம் வரப்போகிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஒளியை உண்டாக்கும் தொழிலில் நம் வட்டாரத்திற்கு நல்ல பெயர் உண்டு. நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே எல்.இ.டி.யைத் தயாரிக்கும் ஆலைகள் பாயான் லெப்பாசில் இருக்கின்றன. பக்கத்துக் கூலிமில் 2017இல் ஓஸ்ராம் நிறுவனம் பெரிய எல்.இ.டி. சில்லு ஆலையைத் திறந்தது. விளக்கைச் செய்ய நமக்குத் தெரியும். அதை எங்கே, எந்த உயரத்தில், யாருடைய கண்ணுக்காக வைப்பது என்பது தனிப் படிப்பு.

அஞ்சடியையே எடுத்துக்கொள்வோம். கடைவீடுகளின் முன்னால் கூரையுடன் கூடிய ஐந்தடி அகல நடைபாதை விட வேண்டும் என்ற விதி, 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலிருந்து பரவியது. இடம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. விளக்கு விஷயத்தில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சாலை விளக்குகளுக்கு ஒரு மலேசியத் தரநிலை உண்டு. கட்டடங்களுக்கான எம்.எஸ். 1525 தரநிலை, வகுப்பறைக்கு 300 முதல் 500 லக்ஸ் வரையிலும், நடைக்கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் 100 லக்ஸும் பரிந்துரைக்கிறது. அஞ்சடி சாலையா, நடைக்கூடமா? தெருவிளக்கின் ஒளியைக் கூரை மறைக்கிறது. கடையின் ஒளி கதவை இழுத்து மூடியதும் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த இந்த இடத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே என் ஆய்வின் முதல் கேள்வி.

வேலை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். லக்ஸ் மானியைத் தரையில் வைத்து ஓர் அளவு, முக உயரத்தில் நிமிர்த்திப் பிடித்து இன்னோர் அளவு எடுக்க வேண்டும். தரை அளவு கால் தடுக்காமல் நடக்க உதவுமா என்று சொல்லும். முக அளவு எதிரே வருபவரை அடையாளம் காண முடியுமா என்று சொல்லும். கடை திறந்திருக்கும்போதும் மூடிய பிறகும் அளக்க வேண்டும். நகைக்கடை வாசலில் தாராளமாக இருந்த அளவு, கதவு இறங்கியதும் ஒற்றை இலக்கத்துக்கு வந்ததைப் பல இரவுகள் குறித்துக்கொண்டேன். கைப்பேசிச் செயலியை நம்பாமல் ஆய்வுக்கூடத்தில் அளவு சரிபார்த்த கருவியை இரவல் வாங்குவது நல்லது.

எண்களைவிட முக்கியமானது அந்த வழியே நடப்பவர்கள். 1833இல் கட்டப்பட்ட குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பாட்டிமார்கள் இரவுப் பூசை முடிந்து இந்த வழியாகத்தான் திரும்புகிறார்கள். அறுபது வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வயதாக ஆக கண்மணி சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளாகிறது. அஞ்சடித் தரையோ கடைக்குக் கடை ஒரு படி ஏறி இறங்கும். பளிச்சென்ற கடை வாசலைத் தாண்டி இருட்டில் கால் வைக்கும்போது கண் பழகச் சற்று நேரமாகும். அந்த நேரத்துக்குள் அடுத்த படி வந்துவிடும். எனக்கு வெளிச்சமாகத் தெரியும் இடம் என் பாட்டிக்கு இருட்டு. பாடநூலில் இதைப் படித்திருந்தாலும் அதன் பொருள் தெருவில்தான் விளங்கியது.

அதனால் விடை ‘இன்னும் பெரிய விளக்கு’ அல்ல. கண் கூசும் விளக்கு முதியவருக்கு இருட்டைப் போலவே ஆபத்து. வேண்டியது, கீழ்நோக்கி மூடியிட்ட, சீரான, மிதமான ஒளி. நிறமும் முக்கியம். சேலை வாங்கும் நம் அம்மாக்கள் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்களே, அதைத்தான் பொறியியலாளர்கள் நிறங்காட்டும் திறன் என்ற குறியீட்டால் அளக்கிறார்கள்.

இதற்கு வரம்புகளும் உண்டு. 2008 முதல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியத் தளம். பழைய சுண்ணாம்புச் சுவரில் நினைத்த இடத்தில் துளை போட முடியாது. செலவும் உண்டு. நான் பேசிய கடைக்காரர்கள் முதலில் கேட்டது மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதுதான். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் முப்பது நாளுக்கு 1.35 யூனிட். இந்தக் கணக்கைத் தமிழில் சொன்ன பிறகுதான் பேச்சே தொடர்ந்தது. என் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் ஆய்வு நடந்தது தமிழில். தமிழ்ப்பள்ளியில் படித்தது தடையாகுமோ என்று தயங்கும் தம்பி தங்கைகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

சொந்தத் தலைப்பு எடுத்தால் புள்ளி குறையும் என்ற பயம் பொய்யல்ல. கருவி கிடைக்காமல் போகலாம், மழை ஒரு வாரத்தைத் தின்றுவிடலாம், முடிவு தெளிவில்லாமலும் வரலாம். ஆகவே துணிச்சல் மட்டும் போதாது. கேள்வியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுவதும் வேண்டாம், ஒரு தெரு போதும். மேற்பார்வையாளரிடம் முதல் மாதமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகங்களும் தங்கள் பங்கைச் செய்யலாம். முடிவு எவ்வளவு பளபளப்பாக வந்தது என்பதற்கு மட்டும் புள்ளி போடாமல், கேள்வி எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேர்மையாக அளக்கப்பட்டது என்பதற்கும் இடம் தர வேண்டும். இல்லையென்றால் பட்டியலுக்கு வெளியே எவரும் கால் வைக்க மாட்டார்கள்.

நான்காம் படிவ இயற்பியலில் ஒளியியல் படிக்கும் மாணவர்கள்கூட இன்றே தொடங்கலாம். உங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் எந்தப் படி இருட்டாக இருக்கிறது, ஏன் என்று பாருங்கள். விளக்கு இல்லையா, இருந்தும் தவறான இடத்தில் இருக்கிறதா? கண்டதை ஒரு பக்கத்தில் எழுதி, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் கொடுங்கள். ஆய்வு அறிக்கை நூலக அலமாரியோடு நின்றுவிடக் கூடாது. அது அளக்கப்பட்ட தெருவுக்கே திரும்பிப் போக வேண்டும்.